மாரி தொடங்கியதும் மொடல் குழம்பிவிட்டது, என்ன செய்யலாம்?

கோப்பாய்க்காரன்:
வலிகாமத்தில் நாலு தோட்டக் கிணறுகளில் சென்சர் போட்டிருக்கிறேன். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை மின்கடத்துதிறன், வெப்பநிலை, நீர்மட்டம் வரும், அதை வைத்து கடல் உப்பு ஏறியிருக்கிறதா இல்லையா என்று பிரிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை சேர்த்த தரவில் ரண்டம் ஃபொரஸ்ட் (பல முடிவு மரங்கள் வாக்களித்து விடை சொல்லும் மொடல்) 96 சதவீதம் சரியாகச் சொன்னது. ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்ததோடு நல்ல தண்ணீரையும் சவர் என்கிறது. தினமும் முழுதாகத் திருப்பிப் பயிற்றுவதா?

சுண்ணக்கல்:
இதைத்தான் கொன்செப்ட் ட்ரிஃப்ட் என்பார்கள். மழையோடு உரம் கரைந்து கிணற்றுக்குள் இறங்கினால் குளோரைட் (கடல் உப்பின் அடையாளம்) கூடாமலே கடத்துதிறன் ஏறும், அதே எண்ணுக்கு இப்போது விடை வேறு. தினமும் பயிற்றத் தேவையில்லை. பைதனில் ரிவர் என்று ஒரு நிரல் நூலகம் இருக்கிறது, அதில் அடப்டிவ் ரண்டம் ஃபொரஸ்டை (2017இல் வந்த முறை) போட்டுப் பாருங்கள். பதிவு வர வர ஒவ்வொன்றாகப் படிக்கும். ஒரு மரத்தின் பிழை கூடத் தொடங்கினால் பின்னால் புது மரம் ஒன்றை வளர்த்து வைத்திருந்து, மாற்றம் உறுதியானதும் பழையதைத் தூக்கிவிடும்.

முட்டுக்காய்:
முதலில் அந்த 96ஐ நம்பாதீர்கள். விடை எப்படி எடுத்தீர்கள், சோதனைத் தரவை எப்படிப் பிரித்தீர்கள்?

கோப்பாய்க்காரன்:
கிழமைக்கு ஒருக்கா குளோரைட் பார்ப்பேன் அண்ணை. அந்த விடையையே கிழமை முழுவதற்கும் ஒட்டிவிட்டு, கலக்கிப் பிரித்தேன்.

முட்டுக்காய்:
அதுதானே! பத்து நிமிடத்துக்கு முந்திய பதிவு பயிற்சியில் கிடந்தால் மொடல் பார்த்து எழுதியது மாதிரித்தான். அவுஸ்திரேலிய மின்சந்தைத் தரவு என்று எல்லாரும் சோதிக்கிற ஒன்று இருக்கிறது, 45,312 பதிவு. அதில் எதையும் படிக்காமல் முந்திய விடையையே திருப்பிச் சொன்னாலும் ஏறத்தாழ 85 சதவீதம் வரும். நேர வரிசையில் போங்கள், முதலில் ஊகிக்கவிட்டு, விடை வந்த பிறகு படிக்கவிடுங்கள்.

சுண்ணக்கல் சொன்ன முறை நல்லதுதான், ஆனால் அது பிழையைப் பார்த்துத்தான் விழிக்கும். கிழமைக்கு நாலே நாலு விடை வந்தால் மாரி முடிந்த பிறகுதான் விழிக்கும். அதனால் ஆட்வின் என்ற, மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறையை நீர்மட்டத்தில் வையுங்கள். அதற்கு விடை தேவையில்லை, புதுச் சராசரி பழையதிலிருந்து தெளிவாக விலகினால் பழைய பதிவுகளை வெட்டிவிட்டு உங்களுக்கு அறிவிக்கும். அறிவித்த கிழமை மட்டும் குளோரைட்டை நாலைந்து தடவை பாருங்கள்.

சுண்ணக்கல்:
அது சரி, நான் விடை உடனே வருகிறது என்று நினைத்துவிட்டேன். கோடை மொடலை அழிக்காதீர்கள், சித்திரையில் திரும்பத் தேவைப்படும்.

கோப்பாய்க்காரன்:
நேற்றுத்தான் அழித்தேன். தரவு இருக்கிறது, இந்தத் தடவை கலக்காமல் பயிற்றுகிறேன்.