35 கிலோமீட்டர் எட்டுகிற கோபுரம் எங்கே இருக்கிறது?

ஏரிக்கரையான்:
கிராமத்து சிக்னல் பற்றிப் பேச்சு வந்தபோது டெசிபல் என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று இங்கே எழுதியது இது: "ஒரு கோபுரம் 35 கிலோமீட்டர் வரை எட்டும். கிராமங்களுக்கு இருக்கிற கோபுரங்களே போதும். சிக்னல் இல்லை என்று புலம்புகிறவர்கள் நல்ல கைபேசி வாங்கட்டும், இல்லையென்றால் வீட்டை விட்டு வெளியே வந்து பேசட்டும்."

படித்ததிலிருந்து ஆறவில்லை. இங்கே வாசலில் நின்றால் கோபுரத்து உச்சியின் சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. 35 எல்லாம் இல்லை, ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். கைபேசியில் இரண்டு கோடு நிற்கும். எண்ணை அழுத்தினால் மணியே போகாது, கொஞ்ச நேரம் ஊமையாக இருந்துவிட்டு அழைப்பு அறுந்துவிடும். வங்கியிலிருந்து வரவேண்டிய ஓடிபி காலாவதியான பிறகு மொத்தமாக வந்து விழும். வெளியே வந்து பேசட்டுமாம். வெளியே நின்றுதான் ஐயா பேசுகிறோம், மழையிலும்.

டெசிபல்:
35 கிலோமீட்டர் நான் கட்டிய கதை இல்லை. ஜிஎஸ்எம், அதாவது 2ஜி தரநிலையில் இருக்கிறது. டைமிங் அட்வான்ஸ், அதாவது தூரத்துக்கு ஏற்பக் கைபேசி முன்கூட்டியே அனுப்ப வேண்டிய அளவு, 0 முதல் 63 வரை, ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தத் துறையில் தலை நரைத்தவன் நான். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஏரிக்கரையான்:
பெருக்கிப் பார்த்தேன், 34.65 வருகிறது. ஆனால் அது நேரக் கணக்கு. கைபேசியின் பதில் தனக்கு ஒதுக்கிய நேரத் துண்டுக்குள் வந்து சேர வேண்டும், அதற்கு வைத்த எல்லை. அந்தப் பதில் பலத்தோடு வரும் என்று தரநிலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

வேறு கணக்கும் உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் ரேடியோ அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 40 மீட்டர் கோபுரத்துக்கு 26. தரையில் நிற்பவரின் கையிலுள்ள கைபேசிக்கு இன்னொரு 5 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 31. மரமில்லை, மேடில்லை, வீடில்லை என்று வைத்துக்கொண்டால்தான் அதுவும். உங்கள் 35 எங்கிருந்து வந்தது?

டெசிபல்:
மலை உச்சியில் கோபுரம் வைத்தால்? 60 மீட்டர், 80 மீட்டர் கோபுரங்கள் இல்லையா? 35 எட்டும் என்றால் எட்டும். 4ஜியில் கைபேசி கோபுரத்தை முதலில் கூப்பிடுகிற சமிக்ஞைக்கு நீளமான வடிவத்தை, அதாவது ரேண்டம் ஆக்சஸ் ஃபார்மட் 3ஐ வைத்தால் 100 கிலோமீட்டர் வரைக்கும் இடம் இருக்கிறது. 35க்கே மூச்சு வாங்குகிறவர்களிடம் 100ஐச் சொல்லி என்ன செய்ய.

மின்கம்பம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோபுரங்களில் பேட்டரியும் ஜெனரேட்டரும் பராமரிக்கிற வேலை எனக்கு. 35ஆ 31ஆ என்று இருவரும் அடித்துக்கொள்கிறீர்கள். மின்சாரம் போய் பேட்டரி கிழடாகியிருந்தால் எட்டுவது பூஜ்யம். நான்கு மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி அரை மணியில் படுத்துவிடும். டீசல் வந்து சேரவில்லை என்றால் அவ்வளவுதான். பல இடங்களில் மின்சாரம் போனதும் அதிக வேகம் தருகிற அலைவரிசைகளைத்தான் முதலில் அணைப்பார்கள், பேட்டரியை மிச்சம் பிடிக்க. கைபேசியில் கோடு மட்டும் நிற்கும், ஒன்றும் திறக்காது.

டெசிபல்:
மின்கம்பம் தம்பி, ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் ரேடியோ திட்டமிடல் பற்றிப் பேச ஆரம்பித்தால் துறை உருப்பட்ட மாதிரிதான். பேச்சு 35 பற்றி.

மின்கம்பம்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது. எண்ணெய் ஊற்றுகிறவன் ஒருநாள் போகாவிட்டால் உங்கள் திட்டமிடல் அத்தனையும் இருட்டில் கிடக்கும். இந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.

செம்பருத்தி:
எனக்கு 35இல் அக்கறை இல்லை. மேம்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு இருந்ததையும் பிடுங்கினார்களே, அதைப் பேசுங்கள். அமெரிக்காவில் 2022இல் 3ஜியை மூடினார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் மூடினார்கள். 4ஜி இருந்தும், அவசர அழைப்பு மட்டும் பழைய வலையில்தான் போகும் என்கிற கைபேசிகள் அங்கே ஏராளம். அவற்றை வலைப்பின்னலிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று. தரவுக்கு 4ஜி, பேச்சுக்கு மட்டும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்குகிற கைபேசிகளைக் கிராமத்தில் பலர் வைத்திருக்கிறார்கள். நகரத்துக்கு ஐந்தாம் தலைமுறை, எங்களுக்கு இரண்டாம் தலைமுறையும் இல்லை என்றால் அதற்குப் பெயர் மேம்பாடா?

நடுத்தெரு:
எல்லாரும் நிறுவனங்களையே குறை சொல்கிறீர்கள். கோபுரம் வைக்க வந்தவர்களை மறித்தது யார்? கதிர்வீச்சு, புற்றுநோய், குருவி செத்துவிட்டது என்று மனு கொடுத்தது கிராமத்தார்தானே? கோபுரமும் வேண்டாம், சிக்னலும் வேண்டும் என்றால் எப்படி?

செம்பருத்தி:
மனு கொடுத்தவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், நகரத்து அடுக்குமாடிகளில் இன்னும் அதிகம். அங்கே மறித்தால் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் வைத்துவிடுகிறார்கள். கிராமத்தில் மறித்தால் மட்டும் அதுவே பத்து வருடத்துக்குச் சாக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் போட்டது. அந்த ஒற்றை வரி கிளப்பிய பயத்தை விளக்கிச் சொல்ல எந்த நிறுவனம் கிராமத்துக்கு ஆள் அனுப்பியது?

நடுத்தெரு:
அதே 2பி. அப்படியென்றால் பயப்பட்டது சரிதானே? இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள்.

செம்பருத்தி:
நான் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

ஏரிக்கரையான்:
கதிர்வீச்சை வைத்து இதைத் திசைதிருப்ப வேண்டாம். 35க்கு இன்னும் பதில் வரவில்லை.

டெசிபல் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. கோபுரம் ஒரு அலைவரிசையில் 20 வாட், 40 வாட் என்று அனுப்பும். 4ஜி கைபேசி அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட். அந்த 35 எழுதப்பட்ட காலத்து ஜிஎஸ்எம் கைபேசி, 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை அனுப்பியது. அதில் பத்தில் ஒரு பங்குதான் இன்று கையில் இருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கியில் பேசுகிறவர் குரல் நமக்கு நன்றாகக் கேட்கும், நாம் இங்கிருந்து கத்தினால் அவருக்குக் கேட்காது. எங்கள் கைபேசியில் நிற்கிற இரண்டு கோடு அதுதான். கோபுரம் பேசுவது வருகிறது, நாங்கள் பேசுவது போய்ச் சேரவில்லை. இதற்கு நல்ல கைபேசி வாங்கு என்பது என்ன பதில்? விலை உயர்ந்த கைபேசிக்கும் அதே 0.2 வாட்தான் பொதுவான வரம்பு.

அப்புறம் அலைவரிசை. ஒரே தூரத்தில் 700 மெகாஹெர்ட்ஸைவிட 3500 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டவெளியிலேயே 14 டெசிபல் இழப்பு கூடுதல், அதாவது பலம் 25இல் ஒரு பங்கு. இலை, சுவர் எல்லாம் அதற்கு மேல். வேகம் தருகிற அகலமான அலைவரிசை எல்லாம் மேலே இருக்கிறது, தூரம் போகிற கீழ் அலைவரிசையோ 5 மெகாஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸ் என்று துண்டு துண்டாக இருக்கிறது. நகரத்தில் அடுக்கடுக்காகக் கோபுரம் வைத்து இதைச் சமாளித்துவிடுகிறார்கள். கிராமத்தில் ஒரே கோபுரத்தில் தட்டியை மாட்டி '5ஜி வந்துவிட்டது' என்று அறிவிக்கிறார்கள். அந்தக் கோபுரத்தை வலையோடு இணைக்கக் கண்ணாடியிழைக் கேபிள் இல்லை, இன்னொரு கோபுரத்தைப் பார்த்துத் திருப்பிய பழைய மைக்ரோவேவ் இணைப்புதான் இருக்கிறது. குழாய் சிறியதாக இருக்க, வாயில் எத்தனை ஜி எழுதியும் பயனில்லை.

டெசிபல்:
இவ்வளவு நீளமாக எழுதியும் 35ஐ மறுக்க முடியவில்லை. தரநிலையில் இருக்கிறதா இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் வரட்டும்.

ஏரிக்கரையான்:
நேர எல்லையாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை.

டெசிபல்:
இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

ஏரிக்கரையான்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பாதி வரியை வெட்டி எடுக்கிற இந்தப் பழக்கம் உங்களுக்குப் புதிதில்லை. போன முறை இதே சிக்னல் பேச்சில் "வீட்டில் பூஸ்டர் மாட்டுங்கள், தீர்ந்தது" என்று எழுதியது நீங்கள்தான். நம்பி மாட்டியவர்கள் இருக்கிறார்கள். அனுமதியில்லாத பூஸ்டர் கோபுரத்தின் காதில் இரைச்சலை ஏற்றி, சுற்றி இருக்கிற எல்லாருடைய அழைப்பையும் கெடுக்கும் என்பது இவ்வளவு நரைத்த தலைக்குத் தெரியாதா?

டெசிபல்:
அனுமதி பெற்ற பூஸ்டரைத்தான் சொன்னேன். பழைய குப்பையைக் கிளற வேண்டாம்.

ஏரிக்கரையான்:
'அனுமதி பெற்ற' என்று அன்றைக்கு எழுதவில்லை. தேடி எடுத்துப் போடட்டுமா?

மின்கம்பம்:
டெசிபல் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றுகிறவன் என்றாரே, அதற்கு.

நடுத்தெரு:
எதற்கு இத்தனை சண்டை. இன்னும் சில வருடத்தில் செயற்கைக்கோள் நேராகக் கைபேசிக்கே வந்துவிடும். கோபுரமே தேவைப்படாது. ஐஃபோனில் 2022இலேயே அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்துவிட்டது.

செம்பருத்தி:
வானம் பார்த்த வெட்டவெளியில் கைபேசியை நீட்டிக்கொண்டு சின்னச் செய்தி அனுப்புகிற வசதி அது. கைபேசிக்கு நேராக வருகிற செயற்கைக்கோளின் ஒரு கற்றை பரந்த நிலப்பரப்பை மூடும். அதிலுள்ள வேகத்தை அங்கே இருக்கிற எல்லாரும் பங்கு போட வேண்டும். பிள்ளைகள் அதில் பாடம் படிக்க முடியுமா? நாளைக்கு வரப்போவதைக் காட்டி இன்றைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவதுதான் இத்தனை காலமும் நடந்தது. 3ஜி வரும்போது 4ஜி வருகிறது பொறு என்றார்கள், 4ஜிக்கு 5ஜி என்றார்கள்.

ஏரிக்கரையான்:
செம்பருத்தி சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 99 சதவீதம் சிக்னல் என்று விளம்பரம் வருமே, அது பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துச் சொல்வது, நிலப்பரப்பை வைத்து இல்லை. பெரிய ஊர்களை மூடினாலே அந்த எண் ஏறிவிடும். மிச்சமிருக்கிற ஒரு சதவீதத்தில் வயலும் காடும் அவற்றை இணைக்கிற சாலையும் கிடக்கும். வரைபடமும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நிறுவனங்கள் 4ஜி இருக்கிறது என்று காட்டிய பகுதிகளில் ஆணையத்தின் ஊழியர்களே வண்டியில் போய்ச் சோதித்தார்கள். குறைந்தபட்ச வேகம் கிடைத்தது சுமார் 62 சதவீதச் சோதனைகளில்தான். கணினியில் வட்டம் போட்டு நிறம் தீட்டினால் இதுதான் வரும். டெசிபலின் 35 அந்த வட்டம்தான். அந்த வட்டத்தைக் காட்டித்தான் இங்கே கோபுரம் தேவையில்லை என்று கோப்பை மூடுகிறார்கள்.

பிரிட்டனில் 2020இல் நான்கு நிறுவனங்களும் அரசும் சேர்ந்து கிராமப்புறத்துக்குப் பொது வலை போட ஒப்பந்தம் செய்தார்கள். இலக்கை நிலப்பரப்பை வைத்து எழுதினார்கள், 95 சதவீதம் என்று. அப்படி எழுதினால்தான் வயலுக்கும் சிக்னல் வரும். வருமானம் வருகிற இடத்துக்கு மட்டும் போவேன் என்கிற நிறுவனத்தைத் தானாகத் திருந்தச் சொல்லிக் காத்திருந்தால் என் பேரனுக்கும் இதே இரண்டு கோடுதான்.

டெசிபல்:
பிரிட்டன், அமெரிக்கா என்று உலகம் சுற்றியாகிவிட்டது. 35ஐ விட்டு எல்லாவற்றையும் பேசுகிறீர்கள். தட்டையான நிலத்தில், உயரமான கோபுரத்தில், 900 மெகாஹெர்ட்ஸில் 30 கிலோமீட்டருக்கு மேல் நானே பேசியிருக்கிறேன்.

ஏரிக்கரையான்:
இப்போது 30க்கு வந்துவிட்டது. நேற்று 35.

டெசிபல்:
30க்கு மேல் என்று எழுதியிருக்கிறேன். 35உம் 30க்கு மேல்தான்.

ஏரிக்கரையான்:
கோபுரத்தின் உயரம் என்ன, கையில் என்ன கைபேசி, 2 வாட்டா 0.2 வாட்டா, இடையில் என்ன இருந்தது? சொல்லுங்கள். இங்கே ஆறேழு கிலோமீட்டரில் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அவரிடம் வந்து சொல்லுங்கள் உங்கள் 35ஐ.

நடுத்தெரு:
உணர்ச்சிவசப்பட்டால் விவாதம் ஆகாது.

செம்பருத்தி:
குருவி செத்தது என்று எழுதியவர் சொல்கிறார்.

நடுத்தெரு:
குருவி பற்றி நான் சொல்லவில்லை. மனு கொடுத்தவர்கள் சொன்னதை எழுதினேன்.

டெசிபல்:
கோபுரம் 60 மீட்டர். கைபேசி எது என்பது நினைவில்லை. தரநிலையைப் படிக்காதவர்களோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. 35.

ஏரிக்கரையான்:
60 மீட்டருக்குக் கணக்குப் போட்டேன். 32, கைபேசிக்கு 5, மொத்தம் 37. இது பார்வைக் கோடு மட்டும். 0.2 வாட் அங்கிருந்து போய்ச் சேருமா என்பதற்கு இன்னும் நீங்கள் வாய் திறக்கவில்லை. திறக்கிற வரைக்கும் இதே கேள்வியைத்தான் கேட்பேன்.

மின்கம்பம்:
நானும் இங்கேயேதான் இருக்கிறேன் டெசிபல். எண்ணெய் விஷயம் என்ன ஆயிற்று?