புதுப்பிப்பு: பிராக் நகரில் தோழியோடு ஒரு நாள்

டிசம்பரில் பிராக் நகரில் தோழியோடு ஒரே ஒரு நாள் கிடைக்கிறது, குளிரில் வெளியே சுற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

விடியும்போதே சார்லஸ் பாலத்துக்குப் போகச் சொன்னவர்களுக்கு மிக்க நன்றி. அங்கே எட்டு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. 1357-ல் கட்டத் தொடங்கிய பாலம். 30 சிலைகளின் தலையிலும் பனி. எங்களைத் தவிர நாலைந்து பேர்தான். என் விரல்கள் விறைத்ததைப் பார்த்து அவள் ஒரு கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். ஆளுக்கு ஒன்று, மற்ற கை கோட்டுப் பைக்குள். ஆறு வருடம் கழித்துச் சந்திக்கிறோம், பேச எவ்வளவோ இருந்தது. ஆனாலும் வல்தாவா ஆற்றைப் பார்த்தபடி அரை மணி நேரம் பேசாமல் நின்றோமே, அதுதான் மனதில் நிற்கிறது.

அப்புறம் 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம், கூட்டம் அதிகம். நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், கோட்டையைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள்.