கொலுசுப் பட்டறையிலிருந்து ஒரு ஃபுட்பால் டீம்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சேலம் செவ்வாய்ப்பேட்டையில எங்க பக்கத்து பழைய ஃபுட்பால் டீமுக்கு மினிட்ஸ் புக்கெல்லாம் கிடையாது. ஒரு பெரியவர் சொன்னாதான் உண்டு. கொலுசுக்குப் பத்தவைக்கிற வேலை அவருக்கு. பட்டறைத் திண்ணையில உட்கார்ந்து கேட்டேன்.

அவர் ஆட வந்தப்ப வெறுங்கால், கணுக்காலுக்கு ஒரு கட்டுத்துணி, அவ்வளவுதான். இந்திய டீமே 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல பெரும்பாலும் வெறுங்காலோட ஆடித்தான் பிரான்ஸ்கிட்ட 2-1ல தோத்தாங்க. 1952ல ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல யூகோஸ்லாவியா 10-1ன்னு புரட்டி எடுத்த பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாச்சு. "அந்தச் சட்டம் எங்க பட்டறைக்கு வந்து சேர ரொம்ப வருசம் ஆச்சு தம்பி"ன்னு சிரிச்சார்.

தோல் பந்து. உள்ள பிளாடர், வாயில கயிறு. மழையில ஊறிட்டா கனத்துடும். கயிறு முடிச்சுப் பக்கமா ஹெட் பண்ணினவன் கதி அதோகதி. புருவத்துக்கு மேல ஒரு தழும்பைத் தொட்டுக் காட்டினார். பஞ்சரானா சைக்கிள் கடையில ஒட்டு. ராத்திரி பந்து யார் வீட்டுல இருக்கோ அவர்தான் செகரட்டரி, தேர்தல் கீர்தல் எதுவும் இல்ல. (இப்ப இருக்கிற சங்கங்களுக்கு இது எவ்வளவோ தேவலாம்.)

தோத்துப்போய் டீம் நொடிக்கலைங்க. முகூர்த்த சீசன் வந்தா ராவும் பகலும் ஆர்டர். பதினோரு பேர் சேர மாட்டாங்க, டோர்னமென்ட்ல எதிர் டீமுக்கு வாக் ஓவர். அதனாலதான் செவன்ஸுக்கு மாறினாங்க. ஏழு பேரைப் பிடிக்கிறதே பெரும்பாடுதான்.

ஏற்காட்டுக்காரன்:
இங்க ஏற்காடு மலை மேலயும் இதே கதைதான் அண்ணா. எஸ்டேட் ஆளுங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் மேட்ச். நவம்பர்ல காப்பிப் பழம் பறிக்க ஆரம்பிச்சா அதுவும் போச்சு. வெயில் காலம் வந்தாத்தான் முழு டீம் இறங்கும்.

கீழ இருந்து வர்ற டீமுக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவே பாதி ஆட்டம். ஜன்னலோரம் தலையை வெளிய விட்டுக்கிட்டேதான் வந்து இறங்குவாங்க. அப்புறம் பனிமூட்டம். ஒருதடவை எங்க கீப்பருக்கு நடுக்கோடே தெரியல. அந்தப் பக்கம் சத்தம் கேட்டதும் "யாருடா போட்டது? நாமளா, அவங்களா?"ன்னு கத்துறான். பந்து காப்பித் தோட்டத்துக்குள்ள போயிருந்துச்சு.

சூரமங்கலம்:
நாங்க கோடு போட சுண்ணாம்பே வாங்கினதில்லை. வெள்ளைக்கல் (மேக்னசைட்) பொடிதான், லாரி போற வழியில சிந்திக் கிடக்கும். அண்ணா, அந்தப் பெரியவர்கிட்ட கோப்பையோட டீம் போட்டோ ஏதாவது இருக்கா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
போட்டோ ஒண்ணு இருக்கு, கோப்பை இல்லாம. அவங்க ஆடினது சுழற்கோப்பைக்கு, ஜெயிச்சதைவிட தோத்ததுதான் அதிகம். ஆனா எந்த டீம் ஜெயிச்சாலும், பைனலுக்கு முந்தின வாரம் கோப்பை இவர் பட்டறைக்குத்தான் வருமாம். கறுத்ததைத் தேய்ச்சு, முலாம் போட்டு, கைப்பிடி ஆடினா பத்தவைச்சுக் குடுத்திருக்கார். கூலி வாங்கினீங்களான்னு கேட்டேன். "பின்ன? ஜெயிச்சவனுக்குச் சும்மா பண்ணித் தருவாங்களா?"ன்னார்.