துருப்பிடித்த எம்ஜிபி: விற்பதா, வைத்துக்கொள்வதா?

வணக்கம். அப்பா விட்டுச்சென்ற 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்னிடம் இருக்கிறது, கூரையைத் திறந்துவிடக்கூடிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் எஞ்சின் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது, கவலை பாடியில்தான். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ (sill) பகுதியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், ஊறிய பிஸ்கட்டில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. இந்த வண்டிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாரம் தாங்குவதில் பெரும்பங்கு அந்தச் சில்களுக்குத்தான். அதனால் பட்டி பூசி, பெயின்ட் அடித்து ஓட்ட மனம் ஒப்பவில்லை.

இரண்டு பக்கமும் வெட்டிப் புதுச் சில் வெல்டிங் செய்த அனுபவம் யாருக்காவது உண்டா? வெட்டும்போது பாடி வளையாமல் இருக்க எங்கெல்லாம் முட்டுக் கொடுத்தீர்கள்? வேலை தொடங்கியபின் துரு இன்னும் எங்கெல்லாம் தென்பட்டது?

விற்பதென்றால் எதையும் மறைக்காமல் இப்படியே கொடுப்பேன். ஆனால் ஸ்டீயரிங்கில் அப்பாவின் கை பட்டு வழவழப்பான இடத்தைத் தொட்டால் மனம் மாறிவிடுகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?