புதுப்பிப்பு: மெனிஸ்கஸ் கிழிந்த முட்டி, வற்றாத வீக்கம்

ஷட்டில் ஆடும்போது முட்டி திருகி மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்ததையும், வலி அடங்கியும் வீக்கம் வற்றாததையும் முன்பு எழுதி, நீர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். எடுத்தாயிற்று.

வந்தது ரத்தமில்லை, தெளிந்த வெளிர்மஞ்சள் நீர். ஊசிமுனையிலிருந்து சொட்டும்போது நூல் மாதிரி நீண்டது. சீழ் என்றால் கலங்கியிருக்கும் என்றார் டாக்டர். கிழிந்த ஓரம் உறுத்துவதால் மூட்டின் உள்சவ்வு அழற்சியாகி நீர் சுரக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: மூட்டில் நீர் நின்றால் தொடையின் முன்தசைக்கு நரம்பிலிருந்தே தடை விழுகிறது. தசை இளைத்தால் முட்டிக்குச் சுமை கூடும், மறுபடி வீக்கம். அதனால்தான் முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி முட்டியால் அதை 5 விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். முட்டிச் சில்லு மேலே ஏறுவது கண்ணுக்கே தெரிகிறது.

கிழிசல் ரத்த ஓட்டமுள்ள வெளியோரத்தில் இருப்பதால் தானாக ஆற வாய்ப்புண்டு; அதனால் இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை. வீக்கம் பெருமளவு வற்றிவிட்டது. சம்மணமும் குத்துக்காலும் இன்னும் கூடாது. படி இறங்கும்போதுதான் கொஞ்சம் பயம்.

உங்களில் யாருக்காவது கால் மடங்கியபடியே பூட்டிக்கொண்டாலோ, முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, தயவுசெய்து அன்றே காட்டுங்கள்.