ஆல் சீசன் டயருக்குத் தமிழ்ச்சொல்: ‘தட்பவெப்ப டயர்’ என்று வைக்கலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கோடையிலும் குளிர்காலத்திலும் மாற்றாமல் ஓட்டுகிற ‘ஆல் சீசன் டயர்’ என்பதை ‘அனைத்துப் பருவ டயர்’ என்று முடிவு செய்துவிடலாம் எனச் சென்னை நண்பர் எழுதியதையும், அதை ‘நாற்பருவ டயர்’ என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயா திருத்தியதையும் படித்தேன். இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயரை நம்பி டயர் வாங்கிய ஒருவருக்கு எங்கள் இலங்கை மலைப்பாதையில் நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹட்டனில் இருக்கும் என் மைத்துனரிடம் 2004 ஆம் ஆண்டின் சுபாரு லெகசி வேகன் ஒன்று இருக்கிறது. பழைய வண்டிதான், ஆனாலும் டர்போ இயந்திரமும் நான்கு சில்லுகளுக்கும் ஓட்டம் கொடுக்கும் அமைப்பும் உள்ள வேகமான வண்டி. பிள்ளைகளையும் மரக்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு எந்த ஏற்றத்தையும் சிரமமில்லாமல் கடக்கும். அதற்குரிய டயர் அளவு 215/45ஆர்17. அந்த அளவில் புது டயரின் விலையைக் கேட்டுத் தயங்கியவருக்கு, பாவித்த டயர் விற்கும் கடையொன்றில் நான்கு டயர்களைக் காட்டி, “இது ஆல் சீசன், எல்லாக் காலத்துக்கும் ஓடும், மழைக்குத் திறம்” என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டுகள் ஆழமாக இருந்தன. மொட்டை டயர் அல்ல. ஜூன் மாத மழையில் நுவரெலியாவிலிருந்து றம்பொடை இறக்கத்தில் வந்தபோது, ஒரு முடக்கில் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் வழுக்கிச் சென்று, முன் சில்லு வடிகானில் இறங்கிய பிறகுதான் நின்றது. யாருக்கும் காயமில்லை. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது டயரின் பக்கச்சுவரில் ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. அந்த மொழி தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பிக் கேட்டேன்; ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். பனி கொட்டும் ஊர்களில் குளிர்காலத்துக்கு மட்டும் மாட்டுகிற டயர் அது.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ‘சீசன்’ என்ற சொல்லை அவர் எங்கள் காலநிலையைக் கொண்டு புரிந்துகொண்டிருக்கிறார். எங்களுக்குப் பருவம் என்றால் மழை: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, இடையில் பிற்பகல்களில் இடியோடு வருகிற மழை. ஆகவே ‘அனைத்துப் பருவ டயர்’ என்று எழுதிவைத்தால், ‘எந்த மழைக்கும் ஏற்ற டயர்’ என்றுதான் இங்குள்ளவர் படிப்பார். டயர் தொழிலிலோ பருவம் என்பது வெப்பநிலையைக் குறிக்கும் சொல். கோடை டயர் என்று அவர்கள் அழைப்பதன் இறப்பர்க் கலவை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் சூடான வீதியில் அளவுக்கு மீறி நெகிழும். வீதியைத் தொடும் அதன் இறப்பர்க் கட்டைகளில் நெருக்கமாக இடப்பட்ட மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வுவதற்காக அமைந்தவை. எங்கள் வெப்பத்தில் அந்தக் கட்டைகள் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளிவதால் வண்டி நிற்கும் தூரம் நீளும். மைத்துனரின் வண்டிக்கு நடந்தது இதுவே. 1977 இல் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற பெயரில் கொண்டுவந்த டயரும், அதன் வழியில் வந்த மற்ற ஆல் சீசன் டயர்களும், இந்த இரண்டு கலவைகளுக்கும் நடுவில் ஓர் உடன்பாடாகச் செய்யப்பட்டவை. மழை அந்தப் பெயருக்குள் வரவே இல்லை. நல்ல கோடை டயர் ஈரவீதியில் ஆல் சீசன் டயரைவிடக் குறுகிய தூரத்தில் நிற்பது வழக்கம்.

‘நாற்பருவ’ என்பதில் இன்னொரு இடரும் இருக்கிறது. தமிழில் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அந்த ஆறும்கூட இலங்கையின் மலைநாட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. பிற நாட்டாரின் நான்கை நம் சொல்லுக்குள் கொண்டுவந்தால், டயர் வாங்க வருகிறவர் முதலில் அந்த நான்கும் எவை என்று கேட்கவேண்டியிருக்கும்.

எனவே பருவத்தை விட்டுவிடுவோம். இதற்காகவே காத்திருந்ததுபோல் தமிழில் ஒரு கூட்டுச்சொல் இருக்கிறது: தட்பவெப்பம். தட்பம் குளிர்ச்சி, வெப்பம் சூடு. குளிரிலும் சூட்டிலும் ஓரளவு பணிசெய்கிற டயர் என்ற உண்மையை ‘தட்பவெப்ப டயர்’ என்பது கூட்டாமலும் குறைக்காமலும் சொல்கிறது. ‘அனைத்து’ என்ற வாக்குறுதியையும் தருவதில்லை. தட்பவெப்பநிலை என்ற பாடநூற் சொல் எல்லோருக்கும் பழக்கமானதால் நாவும் தடுமாறாது. காலநிலை டயர் என்று ஒருவர் தவறாகப் பொருள்கொண்டாலும் அதனால் தீங்கு நேராது. ‘மழை டயர்’ என்று பொருள்கொள்வதில்தான் ஆபத்து.

குளிர்கால டயரின் பெயர் இதைவிடக் கடினமானது; இங்கே மலைநாட்டின் பேச்சை நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும் என்று வேண்டுகிறேன். ‘பனி டயர்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். எங்களுக்குப் பனி என்பது தோட்டத் தொழிலாளரின் லயத்து முற்றத்தில் காலையில் இறங்கி நிற்கும் மூடுபனியும், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் படங்குச் சேலையை நனைக்கும் ஈரமுமாகும். நானுஓயாவில் ஒருவர் ‘பனி டயர்’ என்று கேட்டால், மூடுபனி படர்ந்த வீதிக்குப் பொருத்தமானது என்ற நினைப்பில்தான் கேட்பார். ‘தட்ப டயர்’ என்றாலும் இதே சிக்கல்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், குளிரான ஊருக்குக் குளிர் டயர் என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை. கோடை டயர் நன்றாகவே உழைக்கும் வெப்பநிலை அது. ‘உறைபனி டயர்’ என்று நானே முதலில் எழுதிவைத்திருந்தேன். ஆனால் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதை இங்கே எல்லோரும் உறைபனி என்றே அழைக்கிறார்கள். ஆண்டில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் படிகிற ஒன்றுக்காக ஆண்டு முழுவதும் தவறான டயரை மாட்டுவதற்கு நம் சொல் காரணமாகிவிடக்கூடாது. ‘பனிப்பொழிவு டயர்’ என்றால் குழப்பமில்லை. வானத்திலிருந்து பனி பொழிவதை இந்நாட்டில் எவரும் கண்டதில்லை என்பதால், இது நமக்கானது அல்ல என்று பெயரே சொல்லிவிடும். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய டயரைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் கியூபெக்கில் வாழும் நம் உறவினர்களுக்கும் அது பொருந்தும்.

இதை ஏற்றால் டயரின் பக்கச்சுவரிலுள்ள குறியீடுகளுக்கும் பெயர் எளிதாகிவிடும். மூன்று கொடுமுடிகளுக்குள் பனித்துகள் வரைந்த குறி, பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு உரியது. அதை ‘முக்கொடுமுடிக் குறி’ எனலாம். ‘எம் பிளஸ் எஸ்’ (M+S) என்பது வெட்டுகளின் அமைப்பைப் பார்த்து மட்டும் இடப்படுவது, சோதனைக்கு உட்படாதது. அதைச் ‘சேறு–பனிக் குறி’ என்று அழைத்து, இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கத்தில் சொல்லிவிட வேண்டும்.

டயர் என்ற சொல்லையே மாற்றி ‘வட்டை’ என்றோ ‘உருளிப்பட்டை’ என்றோ வைக்கவேண்டும் என்பவர்களோடு நான் வாதிடவில்லை. கடையில் டயர் என்றுதான் கேட்பார்கள்; ‘ரயர்’ என்று எழுதுகிறவர்கள் அப்படியே எழுதட்டும்.

மைத்துனரின் வண்டிக்கு எதை வாங்கச் சொன்னேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். பனிப்பொழிவு டயரை உடனே கழற்றச் சொன்னேன். தட்பவெப்ப டயரும் எங்களுக்குத் தேவையற்றதே, ஏனெனில் பயன்படாத குளிர்த்திறனுக்காக ஈரப்பிடிப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். 2021 மே முதல் டயரின் ஐரோப்பிய முகப்புச்சீட்டில் (லேபல்) ஈரப்பிடிப்பு ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்புகளாகக் காட்டப்படுகிறது. அதில் ஏ அல்லது பீ பெற்ற வெப்பக்கலவை டயரைத் தேடச் சொன்னேன். சுமைச் சுட்டெண் 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோகிராம், அதற்குக் குறையக்கூடாது. நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டி என்பதால் நான்கும் ஒரே வகையாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்கவேண்டும்; சுற்றளவு வேறுபட்டால் நடுவிலுள்ள வேகப்பகிர்வுப் பெட்டி (டிஃபரன்ஷியல்) ஓயாமல் உழன்று கெடும். பக்கச்சுவரிலுள்ள தயாரிப்புக் குறியின் இறுதி நான்கு இலக்கங்களையும் பார்க்கச் சொன்னேன்: 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பாவித்த டயரில் வெட்டு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த எண்ணே முதலில் பேசும்.

எனக்குத் தீர்வு கிடைக்காதது கோடை டயரின் பெயரில்தான். ‘வெப்ப டயர்’ என்றால் சூடேறிய டயர் என்று ஒலிக்கிறது. மேலே ‘வெப்பக்கலவை டயர்’ என்று எழுதினாலும் அது விளக்கமே தவிரப் பெயர் அல்ல. ‘வெப்பநில டயர்’ என்று என் வகுப்புப் பலகையில் எழுதினேன், குளிரான மலைநாட்டு ஊரான லிந்துலையிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, “சேர், அப்படியென்றால் எங்கள் ஊரில் அது ஓடாதா?” என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் கேள்வி நியாயமானது. அவருக்கு ஐயம் வராத ஒரு சொல்லை உங்களில் யாராவது தரமுடியுமா?