ஹேஸ்டிங்ஸ் மார்க்வெஸ் பட்டம்: ஒன்று போச்சு, ஒன்று எப்படித் தங்கியது?

கேள்வி:
நாலு நாளாக மண்டை காய்கிறது. நான்காவது ஹேஸ்டிங்ஸ் மார்க்வெஸ் (மார்க்வெஸ் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒன்று) 1868-ல் பிள்ளையில்லாமல் இறந்தார், அந்தப் பட்டம் அதோடு முடிந்தது. சரி. ஆனால் அவரிடமே இருந்த இன்னொரு பிரபுப் பட்டம், லவுடன் ஏர்ல், அக்கா ஈடித்துக்குப் போயிருக்கிறது. செத்தது ஒரே ஆள்தானே? இன்னொன்று, இவர்கள் வாரன் ஹேஸ்டிங்ஸ் வாரிசுகளா?

பதில்:
வாரனைக் கொண்டுவந்து முடிச்சுப் போடாதவர்களே இல்லை! வாரனுக்குப் பிரபுப் பட்டமே கிடைக்கவில்லை. இவர்கள் ஃபிரான்சிஸ் ராடன் வழி. ஹேஸ்டிங்ஸ் என்பது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். 1813 முதல் 1823 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரல்; நேபாளப் போர் முடிந்த கையோடு 1816-ல் மார்க்வெஸ் ஆனார்.

பதில்:
விஷயம் சாசனத்தில் இருக்கிறது. பட்டம் தரும்போதே அது யாருக்கு இறங்கும் என்று எழுதிவிடுவார்கள். மார்க்வெஸ் பட்டம் ஃபிரான்சிஸின் ஆண் வழிக்கு மட்டும். ஆண் வழி அற்றால் பட்டமும் அற்றது. அக்கா உயிரோடு இருந்து பயனில்லை. லவுடன் 1633-ம் ஆண்டு ஸ்காட்லாந்துப் பட்டம், பெண்ணுக்கும் போகும். அந்த வீட்டுக்குள் அது வந்ததே ஃபிரான்சிஸின் மனைவி ஃப்ளோரா கேம்பெல் மூலம்தான். அவர் தன் சொந்த உரிமையிலேயே லவுடன் கவுண்டஸ், அதாவது பெண் ஏர்ல்.

இதில் மூன்றாவது ரகமும் உண்டு. சில பழைய இங்கிலாந்துப் பாரன் (இதுவும் ஒரு பிரபுப் பட்டம்) பட்டங்களில் அக்கா தங்கை எல்லோருக்கும் சம உரிமை, அதனால் யாருக்கும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். அரசி தலையிட்டு 1871-ல்தான் அவற்றில் சில ஈடித்துக்கு வந்தன.

பதில்:
அந்தக் கடைசி ஆள், நான்காவது மார்க்வெஸ் ஹென்றியை விட்டுவிட்டீர்களே! எட்டு வயதில் பட்டம். 1864-ல் ஹென்றி சாப்ளினுக்கு நிச்சயமான ஃப்ளாரன்ஸ் பேஜெட்டைக் கூட்டிக்கொண்டு ஓடினார். 1867 டெர்பி குதிரைப் பந்தயத்தில் அதே சாப்ளினின் ஹெர்மிட் குதிரை தோற்கும் என்று பணத்தைக் கொட்டினார். ரத்தக்குழாய் வெடித்த குதிரை, போதாததற்குப் பனி வேறு. ஜெயித்துவிட்டது. நஷ்டம் ஏறக்குறைய 1,20,000 பவுண்டு என்பார்கள். மறு வருஷமே போய்ச் சேர்ந்தார், வயது 26.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி. ஃப்ளோராவைத் தேடப் போய் ஒன்று கண்ணில் பட்டது. ஃபிரான்சிஸ் 1826-ல் நேப்பிள்ஸ் அருகே கப்பலில் இறந்தார், உடல் மால்டாவில். வலது கையை மட்டும் வெட்டி வைக்கச் சொல்லியிருந்தாராம். 1840-ல் ஃப்ளோரா இறந்தபோது அந்தக் கையை அவரோடு சேர்த்து ஸ்காட்லாந்தின் லவுடனில் புதைத்திருக்கிறார்கள்.